அப்பாவுக்கு வைத்த நீல லில்லி

ஒரு த்ரீவீலின் பின்சீட்டில் எத்தனை பேர் உட்காரலாம்?

சட்டம் என்ன சொல்கிறதோ தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியில் ஓர் ஓரத்தில் நான், மறு ஓரத்தில் கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸ், நடுவில் மதில் மாதிரி அம்மா. காலடியில் ஒரு மூட்டை சீமெந்து. அம்மாவின் மடியில் மெழுகுதிரிப் பெட்டி. பாஸின் மடியில் கரண்டியும் மட்டப்பலகையும் போட்ட உரப்பை. மாத்தளை டவுனில் ஏறினோம். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் ஏற்றம் தொடங்கியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். யாரைப் பார்த்து விட்டார் என்று நான் கேட்கவில்லை.

எங்கே போனோம்? அப்பாவுக்குக் கல்லறை கட்டப் போனோம்.

நவம்பர் மாதம் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இறந்தவர்களின் மாதம். கல்லறைகளில் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி ஜெபிப்போம். கத்தாரில் இருக்கும் என் தம்பி இந்த முறை ஒரே பிடியாக நின்றுவிட்டான். "அப்பாவுக்கு இன்னும் வெறும் மண்ணு மேடுதானாக்கா? சீமெந்துல கட்டி, பேரு போட்டு விடுங்க" என்றான்.

அம்மாவுக்கும் அதே ஆசை. ஆனால், அவருடைய ஆசையில் இன்னொன்றும் இருந்தது. அப்பாவைப் புதைத்த அன்றே, அவருக்கு வலது பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடத்தை விட்டு வைக்கச் சொன்னவர் அம்மா. "எனக்கு வேற எடம் தேட வேணாம். இங்கயே கொண்டாந்து போட்டுருங்க" என்று எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். இப்போது இரண்டு இடத்துக்கும் சேர்த்து எல்லை கட்டிவிட்டால் அது வேறு யாருக்கும் போகாது அல்லவா? அதற்காகத்தான் அந்த முழங்கால் வலியோடு தானே கிளம்பி வந்தார்.

இந்த இடத்தில் ஒரு பூச்செடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம் – சில வருடங்களுக்கு முன் அதைப் பற்றி இங்கேயே பெருமையடித்திருந்தேன்.

நுவரெலியாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் வாங்கியது. பெயர் அகபாந்தஸ். வாயில் நுழையவில்லை என்பதால் எங்கள் வீட்டில் நீல லில்லி. நீளமான பச்சை இலைகள். நடுவிலிருந்து இடுப்பளவுக்கு ஒரு தண்டு. தண்டின் உச்சியில் கை கொள்ளாத அளவுக்கு நீலப்பூக்கள் ஒரே கொத்தாக. நர்சரிக்காரர் அதை என் கையில் கொடுத்தபோது, "இது சாகாதுங்க மிஸ்" என்றார். அவர் சொன்னது சரிதான். மாத்தளை வெயிலில் வாடவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தேன், கோபப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டுப் போனது, மறுபடி தளிர்த்தது. எல்லாம் செய்தது… பூக்க மட்டும் இல்லை!

மாத்தளைச் சூடு அதற்குப் பிடிக்கவில்லை போலும். மண்ணை மாற்றினேன். மாட்டெரு போட்டேன். தொட்டியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து நிழலுக்கு என்று ஊரெல்லாம் குடிவைத்தேன். இலை மட்டும்தான் வந்தது. "வெங்காயத்தாளு நல்லா வருது. சாம்பாருக்கு ஆயலாமா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் காலையில் விசாரிப்பார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா போனார்.

அப்பா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். பென்ஷன் எடுத்த பிறகும் ரிவர்ஸ்டன் பக்கத்து அந்தத் தோட்டத்திலேயே, அம்மாவோடு லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தார். அங்கேயே தோட்டத்துப் புதைகாட்டில் அவரை அடக்கம் செய்தோம். அந்தப் புதைகாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தேயிலை மலைக்கு நடுவே ஒரு சரிவு. சீமெந்துக் கல்லறைகள் விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான். மற்றதெல்லாம் மண் மேடுகள். மரச்சிலுவை நடுவார்கள், அதைக் கறையான் தின்றுவிடும். அதனால் தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பை நட்டு வைப்பது வழக்கம். அந்தச் செடிதான் அடையாளம்.

வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால், எல்லாரும் அதே சிவப்பும் மஞ்சளும் கலந்த குரோட்டனை வைத்தால்? எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அடக்கத்தன்று நான் அதைத்தான் கேட்டேன். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. யாரிடமும் இல்லாத செடியை வைத்தால் அப்பாவை எங்கிருந்து பார்த்தாலும் தெரியுமே! மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போகும்போது என் நீல லில்லியைக் கிழங்கோடு தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், அப்பாவின் தலைமாட்டில் நட்டேன்.

அந்தப் பனியும் குளிரும் அதற்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அடுத்த நவம்பரில் அம்மா போன் போட்டார். "ஸ்டெல்லா, உங்க அப்பா தலைமாட்டுல பூத்திருக்குடி! ஃபேக்டரி மேட்டுல இருந்து பாத்தாலே நீலமா தெரியுது!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஒரு மொட்டுக்கூட விடாத செடி அப்பாவிடம் போய் நின்று பூத்திருந்தது. அழுதேன். அழுது முடித்து இந்தப் பத்தியிலும் எழுதினேன். எத்தனை பேர் எனக்குப் போன் போட்டுப் பாராட்டினீர்கள்!

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அப்போது அது எனக்கே தெரியாது.

நீல லில்லி தனியாக இருக்கும் செடி இல்லை. மண்ணுக்கடியில் கிழங்கு பெருத்து, பக்கத்தில் பக்கத்தில் குட்டி போட்டுக்கொண்டே போகும். ஒரு கொத்தைப் பிடுங்கி எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அம்மா அங்கே இருந்தவரை, புதைகாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கேட்டார்கள். லயத்தில் ஒருவர் செடி கேட்டால் இல்லை என்று சொல்கிற பழக்கம் கிடையாது. அதுவும் இறந்தவர்களுக்கு வைக்கக் கேட்டால்? அம்மா அப்பாவின் தலைமாட்டிலேயே குந்தி, ஒவ்வொரு கிழங்காகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். முதலில் வாங்கியது ரோசம்மா சின்னம்மா. எங்கள் பக்கத்து லயம். அவருடைய புருஷனும் அதே வருடம்தான் இறந்தார்.

பிறகு அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போய், மாத்தளைக்கு எங்களோடு வந்துவிட்டார். அடுத்த நவம்பரில் கொரோனா. அதற்குப் பிறகு பெட்ரோல் வரிசை. பிறகொரு வருடம் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. டவுன் கோயிலிலேயே அப்பாவுக்காகப் பூசைக்கு ஒப்புக்கொடுத்தோம். இதெல்லாம் உண்மையான காரணங்கள். காரணமே இல்லாமல் போகாத வருடமும் உண்டு. அந்த வருடம் மழை என்று சொன்னேன்… மழை பெய்யவில்லை.

சரி, த்ரீவீலுக்கு வருகிறேன்.

ஃபேக்டரி மேட்டில் வண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் புதைகாடு முழுவதும் தெரியும். பனி விலகிக்கொண்டிருந்தது. அம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சரிவெல்லாம் நீலம்.

மேலே, கீழே, வரிசைக்கு வரிசை, மேட்டுக்கு மேடு நீல லில்லி. பழைய குரோட்டன்கள் ஒன்றிரண்டு ஓரமாக நின்றன. பாஸ் இறங்கி நின்று, "ஹரிம லஸ்ஸனய்!" என்றார். ரொம்ப அழகாக இருக்கிறதாம். அழகுதான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நீலப்பூவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அந்த அழகு புரிய ஒரு நிமிடம் ஆனது. அதில் இருந்த ஆபத்து புரிய இன்னொரு நிமிடம்.

"ஸ்டெல்லா… அப்பா எங்கடி?" என்றார் அம்மா.

அப்பாவின் சிலுவை எப்போதோ போய்விட்டிருந்தது. பக்கத்தில் அடையாளத்துக்கு இருந்த சவுக்கு மரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். இப்போது புல்லை மெஷினால் வெட்டுகிறார்களாம், மேடுகளும் பாதி தட்டையாகிவிட்டன. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். இதுவா? இல்லை, இது சின்னப் பிள்ளையின் மேடு. இதுவா? இதற்குப் பக்கத்தில் இடமே இல்லையே. பாஸ் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். அடையாளத்துக்கு வைக்கிற பொருளைக் குட்டி போடுகிற பொருளாகப் பார்த்து வைத்த புத்திசாலி உலகத்தில் என்னைத் தவிர யார் இருப்பார்கள்?

மேல் வரிசையில், இருப்பதிலேயே பெரிய கொத்துக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ரோசம்மா சின்னம்மா! முடி முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா! வந்துட்டீங்களாக்கா?" ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். பிறகு சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த மேட்டைக் காட்டினார். சுற்றிலும் வெள்ளைக் கற்களை அடுக்கி, நடுவில் ஒரு புல் இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுதிரி உருகிய தடம் கட்டியாகப் படிந்திருந்தது.

"பாருங்கக்கா, எங்க வீட்டுக்காரரு. நீங்க குடுத்த பூதான். கொரோனா முடிஞ்சு வந்தப்ப எல்லாம் காடா கெடந்துச்சு, இந்தப் பூவ வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா? வெள்ளிக்கெழமை வேல முடிஞ்சா நேரா இங்கதான் வருவேன். மகன் கொழும்புக்குப் போயிட்டான், மருமக போன் எடுக்கமாட்டா. நான் யாருகிட்ட பேசுறது? இவருகிட்டதான் எல்லாம் சொல்லுவேன்."

"நல்லா வச்சிருக்க ரோசம்மா" என்றார் அம்மா.

"பக்கத்துல பாருங்க, வலது பக்கம். எனக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். கங்காணிகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க அண்ணனுக்குப் பக்கத்துல விடச் சொன்னீங்கள்ல? அதப் பாத்துதான் எனக்கும் தோணிச்சு."

அதற்குள் பாஸ் இதுதான் வேலை செய்ய வேண்டிய இடம் என்று நினைத்து டேப்பை இழுத்துப் பிடித்துவிட்டார். அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். மற்ற மேடெல்லாம் நேராக இருக்க, இது மட்டும் கோணலாகக் கிடக்கிறதே, கல்லறையையும் கோணலாகத்தான் கட்ட வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னம்மாவும் சிரித்தார். "ஐயோ பாஸ், இது எங்க வீட்டுக்காரரு! அவரு இருந்தப்பவும் நேரா படுத்ததில்ல" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணைத் தொடுவதுபோல் கொஞ்சம் குனிந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். கால் வலி என்று நினைத்தேன்.

"அண்ணன் எங்கக்கா? கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் சின்னம்மா.

"கீழ வரிசை" என்றார் அம்மா. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். இரண்டு வரிசை கீழே, பூவோடு நின்ற ஒரு மேட்டுக்கு முன்னால் நின்றார். "இந்தா, இவருதான்."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா! முழங்காலில் நின்று ஜெபித்தேன். மெழுகுதிரி கொளுத்தினேன். தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தேன். சிக்னல் வந்து வந்து போனது. அந்த மேட்டையும் பூவையும் காட்டினேன். அவன் அங்கே கத்தாரில் தன் ரூமில் உட்கார்ந்து, "அப்பா… மன்னிச்சிருங்கப்பா, வர முடியலப்பா" என்று தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன். அம்மா மட்டும் போனை வாங்கவே இல்லை.

பாஸ் மறுபடி டேப்பை எடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம் பாஸ். மண்ணு ஈரமா இருக்கு. பொறவு பாக்கலாம்."

இவ்வளவு தூரம் ஏறி வந்த பிறகா? நான் வாதாடினேன். பாஸும் வாதாடினார், ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை என்றார். அம்மா மசியவில்லை. சீமெந்து மூட்டை வந்த வழியே திரும்பியது. புறப்படும்போது சின்னம்மா ஓடி வந்து, "இனி அடிக்கடி வாங்கக்கா" என்றார். அம்மா அவருடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

ரத்தோட்டையில் பாஸ் ஒரு வேலையைப் பார்க்க வேண்டும் என்று இறங்கிக்கொண்டார். வண்டி மறுபடி கிளம்பியதும், வெளியே பார்த்தபடியே அம்மா சொன்னார்:

"ரோசம்மா வச்சிருக்கிறது உங்க அப்பாடி."

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"குழி வெட்டுறப்ப தலைமாட்டுல பாறை தட்டுப்பட்டுச்சு. உடைக்க முடியல. அதனால திருப்பி, கோணலா வெட்டுனாங்க. நீ அழுதுக்கிட்டு நின்ன, உனக்குத் தெரியாது. நான் குழியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"அப்போ கீழ வரிசை? நாம ஜெபம் பண்ணது?"

"யாருன்னு தெரியல. அவருக்கும் ரெண்டு ஜெபம் கெடைச்சிச்சில்ல, போவட்டும்."

தம்பி அழுதது யாரிடம்? நான் மெழுகுதிரி கொளுத்தியது யாருக்கு? "வண்டிய திருப்புவோம்மா" என்றேன். "சின்னம்மாகிட்ட சொல்லுவோம். நல்ல மனுஷி, புரிஞ்சிக்குவாங்க. அவங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான எங்கயாவது இருப்பாரு!"

"போயி என்னன்னு சொல்லுவ? இத்தன வருஷமா நீ பேசுனது உன் புருஷன்கிட்ட இல்லன்னா?"

டிரைவரின் தோளைத் தட்ட நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"அவளுக்கு அந்த மேட்ட விட்டா பேச யாரு இருக்கா? புல்லு ஒண்ணு மொளைக்க விடல அவ. சொந்தப் பொஞ்சாதி நான், எந்த மேடுன்னு தேடிக்கிட்டு அலையுறேன். அவதான் அவரப் பாத்துக்கிட்டா. அவளே அவரு பக்கத்துல இருந்துட்டுப் போவட்டும்."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெழுகுதிரிப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த மனிதருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது அவர் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம். அதை அந்தச் சரிவில், ஒரு முகமாற்றமும் காட்டாமல், இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விட்டுக்கொடுத்தது அவர். விட வைத்தது யார்? செடி என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை போயிருந்தால் ஆயிரம் பூ பூத்தாலும் அப்பாவைத் தெரிந்திருக்கும். சின்னம்மாவும் அந்த மேட்டில் தெரியாமல் உட்கார்ந்திருக்க மாட்டார்.

"அப்போ உங்கள எங்கம்மா…" என்று தொடங்கிவிட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிறவளிடம் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"டவுன்லயே பாருங்க. பஸ் போற ரோட்டோரமா இருக்கட்டும். அப்பதான் நீங்க வருவீங்க."